வெந்தய வாசம்

ஐந்தாம் நாள் பிள்ளையின் துணியில் வெந்தயம் மணத்தது.
பெற்றவளுக்கு நாலு வேளை வெந்தயக் களி கிண்டுகிற வீடு,
மணக்காமல் என்ன செய்யும் என்றாள்
பத்தியச் சமையலுக்கு வந்த அண்ணி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
முகர்ந்து பார்த்துச் சிரித்தும் வைத்தேன்.

ஆறாம் நாள் பால் இறங்கவில்லை.
ஏழாம் நாள் அழுகையும் இல்லை.
ஜாலான் பகாங் நெரிசலில், மழையில்,
பின்சீட்டில் புஷ்பலீலா
பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள்.
ஆஸ்பத்திரி வாசல் வரை சுண்டினாள்.

மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.
லூசின், ஐசோலூசின், வாலின்.
கிளைச் சங்கிலி அமினோ அமிலங்களாம்.
கிளை என்றால் எனக்குச் சொந்தபந்தம்,
முதல் பந்தியில் உட்கார்ந்து
கடைசி ரயிலுக்கு எழுந்து போகிறவர்கள்.
இந்த மூவர் எழுந்து போகவே இல்லை.
வழியனுப்புகிற நொதி ஒன்று
என் மகளுக்குப் பிறப்பிலேயே இல்லை.
மூளை வரை பாய் விரித்துவிட்டார்கள்.

அறவே நிறுத்திவிடலாமே என்றேன்.
டயட்டீஷியன் நோராய்னி தலையை ஆட்டினார்:
இவர்கள் இல்லாமல் ஒரு நகம்கூட வளராது,
உடம்புக்கு இவர்களைச் செய்யத் தெரியாது,
சாப்பாட்டில்தான் வர வேண்டும்.
பட்டினி போட்டால், காய்ச்சல் வந்தால்,
உடம்பு தன் தசையையே உருக்கும்,
உருகுவதிலும் இதே மூவர்.
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றவன்
குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல்
கை கழுவப் போய்விட்டான்.

நான் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில்
பருப்பு வாளி தூக்குகிறவன்.
இலைக்கு மேல் கை மறிக்கும் வரை ஊற்றுவது என் வேலை.
ஒரு கரண்டி,
அவளுக்கு அது அரை நாள் லூசின்.
மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை
மகளின் நாட்களை இலை இலையாக ஊற்றிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தராசின் முன் உட்காருவேன்.
சோறு நாற்பது கிராம்.
நாற்பத்தொன்று காட்டினால்
கிள்ளி என் வாயில் போட்டுக்கொள்வேன்.
அப்படியே எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

அப்புறம் அந்த மாவுப்பால்.
மூவரைத் தவிர மற்ற அமிலமெல்லாம் அதில் உண்டு.
நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்.
மூக்கைப் பிடித்துக் குடித்து
வெள்ளை மீசையோடு என்னைப் பார்ப்பாள், யஷ்வினி.
ஏழு வயது. முதலாம் ஆண்டு.

நேற்றுப் பள்ளிவிட்டு வந்ததும்
கைக்குட்டையைப் பிரித்தாள்.
கடிபட்ட பாதிக் கறிபாப்.
சஸ்மிதா கொடுத்தாளாம், சிற்றுண்டிச் சாலையில்.
எல்லாரும் தின்னும்போது
இவள் மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறாள்,
கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் ஊறும்படி.
நாற்காலி போட்டு ஏறித் தராசில் வைத்தாள்.
"இன்னிக்கு எனக்கு எவ்ளோ மிச்சம்மா?"

முப்பது மில்லிகிராம் மிச்சம்.
புஷ்பலீலா உருளைக்கிழங்கையும் கோழித்துண்டையும் ஒதுக்கிவிட்டு
ஓரத்துப் பின்னலை மட்டும் கிள்ளினாள்,
கட்டைவிரல் நீளம், ஐந்து கிராம்.
எல்.ஆர்.டி. இரண்டு முறை போய்வந்தது
அவள் தின்று முடிக்க.
மீதியை நான் தின்னவில்லை. முடியவில்லை.

எங்கள் வீட்டில் வெந்தயம் வாங்குவதில்லை.
தோசை மாவுக்கும் போடுவதில்லை, அண்ணிக்கு வருத்தம்.
அந்த வாசம் இனி எப்போது வந்தாலும்
அடுப்பிலிருந்து வந்தது என்று
நான் நினைத்துவிடக் கூடாது.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து
அவள் நெற்றியை முகர்ந்தேன், கழுத்தை முகர்ந்தேன்.
வியர்வை.
பவுடர்.
கொஞ்சம் கறிபாப்.